அறுகோணத் துண்டுகளைக் கையால் தைத்து குவில்ட் செய்வது: காகிதம் வெட்டுவதிலிருந்து விளிம்பு கட்டுவது வரை

குவில்ட் என்பது துணித் துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சு விரிப்பு வைத்துத் தைக்கும் போர்வை. அறுகோணங்களை இணைக்கும்போது ஒவ்வொரு முனையிலும் மூன்று துண்டுகள் சந்திக்கும். துணியை மட்டும் வைத்துத் தைத்தால் அந்த முனைகள் நழுவும், இழுபடும். அதனால்தான் ஒவ்வொரு துணித் துண்டுக்குள்ளும் ஒரு காகித அறுகோணத்தை வைத்து, துணியை அதன் மேல் மடித்துக் கட்டி, மடிப்பு விளிம்புகளை ஒன்றோடொன்று தைத்து, கடைசியில் காகிதத்தை உருவி எடுக்கிறோம். இங்கிலீஷ் பேப்பர் பீசிங் என்பது இவ்வளவுதான்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தையலைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால் துண்டுகள் பொருந்தாமல் போவதற்குத் தையல் காரணமாக இருப்பது அரிது. காகிதம் பிசகியிருக்கும், அல்லது துணி காகிதத்தை ஒட்டி மடிந்திருக்காது. ஆகவே 3, 5 ஆகிய படிகளுக்கு நேரம் கொடுங்கள். அவை சரியாக இருந்தால் மற்றவை தானாக அமையும்.

## 1. முதலில் கணக்குப் போடுங்கள்

அறுகோணத்தின் அளவு என்றால் அதன் ஒரு பக்கத்தின் நீளம். 1 அங்குல அறுகோணம் 1 அங்குல அகலம் கொண்டதல்ல. எதிரெதிர் பக்கங்களுக்கு நடுவே 44 மி.மீ., எதிரெதிர் முனைகளுக்கு நடுவே 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ. இருக்கும். அச்சு வாங்கும்போது இதில்தான் குழப்பம் வருகிறது.

முதல் வேலைக்கு 1 அங்குலமே ஏற்றது. அதைவிடச் சிறியதில் மடிப்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பருமனாகும். 2 அங்குலத்துக்கு மேல் போனால் பக்கத்தின் நடுவில் துணி தொய்யும்.

1 அங்குல அறுகோணத்தின் பரப்பு ஏறத்தாழ 2.6 சதுர அங்குலம். உங்கள் குவில்ட்டின் நீளத்தையும் அகலத்தையும் அங்குலத்தில் பெருக்கி 2.6 ஆல் வகுத்தால் துண்டுகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும். 36க்கு 45 அங்குலக் குழந்தைப் போர்வைக்கு ஏறத்தாழ 624 துண்டுகள். 60க்கு 80 அங்குலத்துக்கு 1,850 அளவில் வரும். ஓரத்தை நேராக வெட்டப்போகிறீர்கள் என்றால் சுற்றளவுக்கும் கூடுதல் துண்டுகள் வேண்டும். சிறிய போர்வைக்கு 90 கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த வழிகாட்டி நெடுக நடுவில் ஒன்று, சுற்றி ஆறு இதழ், பூக்களுக்கு இடையே ஒற்றை வரிசைப் பாதை என்ற வடிவத்தையே எடுத்துக்கொள்கிறோம். அதில் ஒரு பூவுக்கு 12 துண்டுகள்: நடு 1, இதழ் 6, பாதை 5. பாதைக்கு 5 மட்டும் ஏன் என்பது 9-ஆம் படியில் தெரியும். 624 துண்டுகள் என்றால் 52 பூக்கள்: நடுத் துண்டு 52, இதழ் 312, பாதை 260.

## 2. கையில் இருக்க வேண்டியவை

துணி: நெருக்கமாக நெய்த, நடுத்தரத் தடிமனுள்ள நூறு சதவீதப் பருத்தி. இழுத்தால் நீளும் துணியும் வழுக்கும் துணியும் வேண்டாம். காகித விளிம்பில் அவை கூர்மையாக மடியாது.

ஊசி: மெல்லிய, நீளமான 10-ஆம் எண் ஊசி. எண் கூடக்கூட ஊசி மெலியும். தடித்த ஊசி மடிப்பு விளிம்பில் விடும் ஓட்டை நல்ல பக்கத்தில் தெரியும்.

நூல்: 50 அல்லது 60 எண் பருத்தி நூல், அல்லது அதே மெலிவுள்ள பாலியெஸ்டர் நூல். இரண்டு துணிகளில் அடர்ந்த நிறத்துக்கு ஏற்ற நூலை எடுங்கள். பல நிறங்கள் கலந்த வேலைக்கு நடுத்தரச் சாம்பல் நிறம் எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். கச்சாத் தையலுக்கு, அதாவது தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் தையலுக்கு மட்டும் கண்ணில் படும்படி வேறு நிற நூல்.

இவை தவிர சிறிய கூர்க் கத்தரிக்கோல், அங்குலமும் மி.மீ.யும் உள்ள அளவுகோல், துணிக் கிளிப் நான்கைந்து, குண்டூசி, நடுவிரலுக்கு விரலுறை, இஸ்திரிப் பெட்டி. கிளிப் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். இரண்டு துண்டுகளை விரலால் மட்டும் பிடித்துத் தைத்தால் பாதி வழியில் ஒன்று நழுவி, கடைசி முனை பொருந்தாமல் நிற்கும்.

## 3. காகித அறுகோணங்கள்

120 முதல் 160 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாளின் எடை) வரையுள்ள தாள் ஏற்றது. சாதாரண 80 ஜி.எஸ்.எம். தாளில் மடித்தால் தாளின் விளிம்பும் சேர்ந்து வளையும். அட்டை அளவுக்குத் தடித்தால், பூவைச் சேர்க்கும்போது நடுத் துண்டை மடக்க முடியாது.

கணினியிலிருந்து அச்சிடும்போது அளவு 100 சதவீதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கும் அமைப்பு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும், அதை அணைத்துவிடுங்கள். முதல் தாளை அச்சிட்டதும் அளவுகோலை வைத்து 44 மி.மீ. இருக்கிறதா என்று அளந்த பிறகே மீதியை அச்சிடுங்கள்.

வெட்டும்போது கோட்டின் நடுவில் வெட்டுங்கள். ஒரு தடவை கோட்டுக்கு உள்ளே, ஒரு தடவை வெளியே என்று வெட்டினால் துண்டுக்குத் துண்டு அரை மி.மீ. மாறும். துண்டுக்கு 1 மி.மீ. பிசகினால் 20 துண்டுகள் கொண்ட வரிசையில் 2 செ.மீ. வித்தியாசம் நிற்கும்.

வெட்டிய துண்டை வைத்து வரைந்து அடுத்ததை வெட்டுவது, அதை வைத்து அதற்கடுத்ததை வெட்டுவது கூடவே கூடாது. ஒவ்வொரு முறையும் பென்சில் கோட்டின் தடிமன் கூடிக்கொண்டே போகும். எப்போதும் ஒரே மூல அச்சிலிருந்து வரையுங்கள்.

காகிதம் சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு துண்டைத் தாளில் வைத்துச் சுற்றிலும் மெல்லிய கோடு வரையுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, அதே கோட்டுக்குள் ஆறு நிலையிலும் வைத்துப் பாருங்கள். ஆறிலும் கோட்டோடு ஒட்டி உட்கார்ந்தால் அது சரியான அறுகோணம். ஏதாவது ஒரு திருப்பத்தில் முனை வெளியே நீட்டினால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

ஒவ்வொன்றின் நடுவிலும் பஞ்சிங் மிஷினால் ஓர் ஓட்டை போடுங்கள். காகிதத்தை உருவும்போது ஊசியின் பின்முனையை நுழைத்துத் தூக்க அது உதவும். காகிதங்கள் திரும்பவும் பயன்படும் என்பதால் 624 துண்டுகளுக்கு 200 காகிதங்கள் போதும். முனை மழுங்கியதைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

## 4. துணியைக் கழுவி வெட்டுதல்

எல்லாத் துணியையும் வெட்டுவதற்கு முன் கழுவிக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். சுருங்கும் துணியும் சுருங்காத துணியும் ஒரே குவில்ட்டில் சேர்ந்தால், முதல் சலவையிலேயே சில துண்டுகள் உப்பி நிற்கும். அடர்ந்த சிவப்பு, நீலம் போன்றவற்றைத் தனியாக நனைத்து, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் இறங்காமல் நிற்கும்வரை அலசுங்கள். நிற்கவே இல்லையென்றால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள்.

1 அங்குல அறுகோணத்துக்குத் துணியையும் அறுகோணமாக வெட்ட வேண்டியதில்லை. 2½ அங்குலச் சதுரம் போதும். மடித்துக் கட்டிய பிறகு மூலைகளில் மிஞ்சுவதைக் கத்தரித்துவிடலாம். மடிப்புக்குப் பக்கத்துக்கு ¼ முதல் ⅜ அங்குலம் வரை துணி கிடைக்கும். ¼ அங்குலத்துக்குக் குறைந்தால் காகிதத்தை எடுத்த பிறகு மடிப்பு பிரிந்து இழை உதிரும்.

கரையை நீக்கிய பின் 42 அங்குல அகலம் உள்ள துணியில் ஒரு 2½ அங்குலப் பட்டை 16 சதுரங்கள் தரும். 52 பூக்களின் பாதைக்கும் ஓரத்துக்குமாக 350 துண்டுகள் என்றால் 22 பட்டைகள், ஆக 55 அங்குலம். ஒன்றரை மீட்டர் வாங்குங்கள். பாதைத் துணியைக் கொஞ்சம் கூடுதலாகவே ஒரே தடவையில் வாங்குவது நல்லது. பாதியில் தீர்ந்து வேறு நிறத்துக்கு மாறினால் குவில்ட் முழுவதிலும் அது தெரியும். நடுத் துண்டுகளுக்கு 4 பட்டைகள். ஒரு பூவின் ஆறு இதழ்களுக்கு 2½க்கு 15 அங்குலத் துண்டு ஒன்று போதும் என்பதால் மிச்சத் துணிகளை இங்கே செலவழிக்கலாம்.

## 5. காகிதத்தின் மேல் துணியைக் கட்டுதல்

துணியின் உள்பக்கம் மேலே தெரியும்படி வைத்து, நடுவில் காகிதத்தை வைத்துக் குண்டூசியால் குத்துங்கள். காகிதத்தின் இரண்டு பக்கங்களாவது துணியின் இழை வாட்டத்துக்கு இணையாக இருக்கட்டும். எல்லாத் துண்டுக்கும் ஒரே வாட்டம் வைத்தால் குவில்ட் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளாது.

ஒரு பக்கத்தின் துணியைக் காகிதத்தின் மேல் மடியுங்கள். விளிம்பை நகத்தால் அழுத்தித் தேயுங்கள். காகிதத்துக்கும் மடிப்புக்கும் நடுவே இடைவெளி இருக்கக் கூடாது. அதேநேரம் காகிதம் வளையும் அளவுக்கு இழுக்கவும் கூடாது. அடுத்த பக்கத்தை முதல் மடிப்பின் மேல் மடியுங்கள். இரண்டும் ஏறும் மூலையில், காகிதத்தைத் தொடாமல், துணியின் இரண்டு அடுக்குகளை மட்டும் பிடித்து ஒரே இடத்தில் இரண்டு சிறிய தையல் போடுங்கள். நூலை அறுக்காமல் அடுத்த மூலைக்குத் தாவுங்கள். ஆறு மூலையும் முடிந்ததும் கடைசி மூலையில் ஒரு பின் தையல்.

இப்படிக் காகிதத்தைக் குத்தாமல் கட்டுவதில் பெரிய வசதி இருக்கிறது. கடைசியில் இந்தத் தையலைப் பிரிக்க வேண்டியதில்லை, உள்ளேயே இருந்துவிடலாம். 1½ அங்குலமும் அதற்கு மேலும் உள்ள அறுகோணங்களில் மட்டும் பக்கத்தின் நடுவில் காகிதத்தையும் சேர்த்து ஒரு நீளத் தையல் போடுங்கள், இல்லையென்றால் நடுவில் தொய்யும். அந்தத் தையலைப் பிறகு பிரித்தாக வேண்டும்.

எல்லாத் துண்டிலும் ஒரே திசையில் சுற்றுங்கள். எல்லாம் வலஞ்சுழியாக மடிந்திருந்தால் மூன்று துண்டுகள் சந்திக்கும் இடத்தில் மடிப்புகள் காற்றாடி இறக்கை போல ஒன்றையொன்று தொடர்ந்து படியும். திசை மாறினால் அந்த இடத்தில் முடிச்சு போல மேடு தட்டும்.

நூலுக்குப் பதில் நீரில் கரையும் துணிப் பசைப் பேனாவையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். வேகமாக முடியும். காகித விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி மெல்லிய கோடாகத் தடவினால் போதும். விளிம்புவரை தடவினால் பசை ஊசியில் ஒட்டி நூல் இழுபடாது. அதிகம் தடவினால் காகிதம் கிழிந்துதான் வரும்.

கட்டி முடித்த துண்டைத் திருப்பி, புதிய காகிதம் ஒன்றின் மேல் வையுங்கள். எல்லாப் பக்கமும் நூலிழை அளவு மட்டுமே பெரிதாகத் தெரிய வேண்டும். ஒரு முனை கூர்மையில்லாமல் உருண்டையாக இருந்தால் அந்த மூலையை மட்டும் பிரித்து மறுபடி மடியுங்கள்.

## 6. பரப்பிப் பார்த்தல்

தைக்கும் முன் கட்டிய துண்டுகளோடு இன்னும் காகிதத்தில் கட்டாத சதுரங்களையும் சேர்த்து எல்லாவற்றையும் தரையில் பரப்பி, தள்ளி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறப் பூக்கள் அருகருகே வந்திருந்தால் கண்ணைவிடப் படத்தில் சீக்கிரம் தெரியும். பிறகு ஒவ்வொரு பூவுக்கும் எண் எழுதித் தனித்தனிப் பையில் போடுங்கள்.

## 7. இரண்டு துண்டுகளை இணைக்கும் தையல்

விப் ஸ்டிச் என்கிற சுற்றுத் தையல் இது. ஒரு முழம் நூல், 45 செ.மீ., கோர்த்து நுனியில் சிறு முடிச்சு போடுங்கள். அதைவிட நீளமானால் நூல் துணியில் உரசி உரசி மெலிந்து முறுக்கிக்கொள்ளும்.

இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்களும் உள்ளே பார்க்கும்படி சேர்த்து, இரு முனைகளையும் பொருத்தி, தையலை முடிக்கும் முனையில் கிளிப் போடுங்கள். முடிச்சை மடிப்புத் துணிக்கு அடியில் மறைத்து, தொடங்கும் முனைக்கு ¼ அங்குலம் முன்னால் ஊசியை வெளியே எடுங்கள். அங்கிருந்து முனைக்குப் பின்னோக்கித் தைத்துப் போய், முனையில் இரண்டு தையல் போட்டு, திரும்பி முன்னோக்கித் தையுங்கள். முனையிலேயே முடிச்சு போட்டுத் தொடங்கினால் இழுபடும்போது முதலில் திறப்பது அந்த முனைதான்.

ஊசி மடிப்பு விளிம்புக்குச் செங்குத்தாக நுழையட்டும். இரண்டு மடிப்பிலும் இரண்டு மூன்று இழைகள் மட்டும் பிடிபட்டால் போதும். ஊசி காகிதத்தின் மேல் வழுக்கிப் போவது விரலுக்குத் தெரியும். அங்குலத்துக்கு 16 முதல் 20 தையல். முடிவில் முனையில் இரண்டு தையல் போட்டு, ¼ அங்குலம் பின்னோக்கி வந்து நூலை முடியுங்கள்.

நூலை இறுக்கி இழுக்காதீர்கள். விளிம்புகள் தொட்டுக்கொண்டால் போதும். இறுக்கினால் தையல் வரி சுருங்கி, விரித்துப் பார்க்கும்போது மேடாக நிற்கும்.

நல்ல பக்கத்தில் நூல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள்: இழைகளை அதிகம் பிடித்திருப்பது, ஊசி சாய்வாக நுழைந்திருப்பது, நூலின் தடிமன், கடைசியாக நிறம். பலர் முதலில் நூலின் நிறத்தை மாற்றுகிறார்கள். ஆழமாகக் குத்திய தையலை எந்த நிறமும் மறைக்காது.

ஒரு பக்கம் மற்றதைவிடச் சற்று நீளமாக இருந்தால், 1 மி.மீ.க்கு உட்பட்டது என்றால், நடுவில் ஒரு கிளிப் கூடுதலாகப் போட்டுச் சரிக்கட்டலாம். அதற்கு மேல் என்றால் துண்டைப் பிரித்து மறுபடி கட்டுங்கள். இழுத்துப் பொருத்திய துண்டு காகிதத்தை எடுத்ததும் சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

## 8. ஒரு பூ

நடுத் துண்டின் ஆறு பக்கத்திலும் முதலில் ஆறு இதழ்களையும் இணைத்துவிடுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் நூலை அறுக்காமல் அடுத்த இதழை அடுத்த பக்கத்தில் வைத்து அதே நூலில் தொடரலாம்.

பிறகு இதழுக்கும் இதழுக்கும் நடுவேயுள்ள ஆறு தையல்கள். நடுத் துண்டைப் பாதியாக மடக்கினால் பக்கத்து இதழ்கள் இரண்டும் நேருக்கு நேர் வரும். காகிதம் மடங்குவதால் ஒன்றும் ஆகாது.

இந்த ஆறையும் உள்ளிருந்து வெளியே தையுங்கள். ஒரு இதழ் கொஞ்சம் பெரிதாக இருந்தால் அந்த வித்தியாசம் வெளிமுனைக்குப் போய்விடும், அங்கே அடுத்த துண்டு சேரும்போது சரிசெய்யலாம். வெளியிலிருந்து உள்ளே வந்தால் அது பூவின் நடுவில் ஓட்டையாக நிற்கும், அதைச் சரிசெய்ய வழியில்லை. மூன்று முனைகள் சேரும் இடத்தில் மூன்றையும் பிடித்து ஒரு தையல் கூடுதலாகப் போடுங்கள்.

## 9. பூக்களைப் பாதையோடு சேர்த்தல்

நன்றாகத் தைக்கிறவர்களும் தடுமாறும் இடம் இது. ஒவ்வொரு பூவையும் சுற்றிப் பாதைத் துண்டுகள் 12ஐயும் தைத்துவிட்டு இரண்டு பூக்களைச் சேர்த்தால், நடுவில் பாதை இரண்டு வரிசையாகிவிடும். பாதை இரண்டு பூக்களுக்கும் பொது. யாரிடம் எந்தத் துண்டு போகிறது என்பதை முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும்.

பூவைச் சுற்றியுள்ள 12 இடங்களை உற்றுப் பாருங்கள். ஆறு இடங்கள் இரண்டு இதழ்களுக்கு நடுவேயுள்ள பள்ளத்தில் இருக்கும். அங்கே வைக்கும் துண்டு இரண்டு இதழ்களைத் தொடும். மீதி ஆறு இடங்கள் இதழின் நுனியில். அங்கே வைக்கும் துண்டு ஒரே இதழைத்தான் தொடும். பள்ளத்துத் துண்டு இரண்டு பூக்களுக்குப் பொது. நுனித் துண்டு மூன்று பூக்கள் சந்திக்கும் இடத்தில் இருக்கும்.

ஆகவே ஒவ்வொரு பூவுக்கும் ஐந்து துண்டுகளைத் தொடர்ச்சியாக ஒரு பிறை போலச் சேருங்கள்: பள்ளம், நுனி, பள்ளம், நுனி, பள்ளம். எல்லாப் பூக்களிலும் பிறை ஒரே பக்கம் இருக்கட்டும், உதாரணமாக மேல் வலது. அப்படிச் செய்தால் ஒரு பூவின் பிறைக்குள் பக்கத்துப் பூவின் வெற்றுப் பக்கம் வந்து உட்காரும், பாதை எங்கும் ஒற்றையாகவே ஓடும். பிறை சேர்த்த பிறகு பூவைத் திருப்பிவிடாமலிருக்க, மேல்முனைக் காகிதத்தில் பின்புறம் ஓர் அம்புக்குறி வரைந்துகொள்ளுங்கள்.

முழு வரிசையாகச் சேர்த்து, பிறகு வரிசைகளை இணையுங்கள். வளைந்து வளைந்து போகும் இந்த நீளத் தையலில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பொருத்திக் கிளிப் போட்டுத் தைத்து, முனையில் நிறுத்தி, துண்டைத் திருப்பி அடுத்த பக்கத்துக்குப் போங்கள். எல்லாம் சேர்ந்த பின், பிறை இல்லாத இரண்டு மூன்று ஓரங்களில் தனிப் பாதைத் துண்டுகளால் நிரப்புங்கள்.

## 10. காகிதத்தை எடுத்தல்

ஆறு பக்கமும் தைக்கப்பட்ட துண்டிலிருந்து மட்டும் காகிதத்தை எடுங்கள். ஒரு பக்கம் திறந்திருந்தாலும் விட்டுவையுங்கள்; அடுத்த துண்டைப் பொருத்த அந்தக் கூர்மையான விளிம்பு வேண்டும்.

எடுக்கும் முன் பின்புறத்தில் இஸ்திரி போடுங்கள், மடிப்பு படிந்து நிற்கும். பெட்டியைத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுங்கள். பசையில் ஒட்டிய துண்டுகளில் மடிப்பை விரலால் மெதுவாக உரித்துவிட்டுப் பிறகு காகிதத்தைத் தூக்குங்கள். வேலை நடக்க நடக்க உள்ளேயுள்ளவற்றை எடுத்துக்கொண்டே போனால் குவில்ட்டும் கனக்காது.

## 11. ஓரத்தை நேராக்குதல்

எல்லாம் சேர்ந்த பின் ஓரத் துண்டுகளின் காகிதத்தையும் எடுத்து, வெளிப்பக்க மடிப்பைப் பிரித்து, இஸ்திரி போட்டு, அளவுகோலால் வெட்டவேண்டிய கோட்டை வரையுங்கள். உடனே வெட்டிவிடாதீர்கள். கோட்டுக்கு ⅛ அங்குலம் உள்ளே சுற்றிலும் சிறிய பின் தையலோ மிஷின் தையலோ போட்டுவிட்டுப் பிறகு வெட்டுங்கள். சுற்றுத் தையலைக் குறுக்கே வெட்டினால் நூல் முனையிலிருந்து வரிசையாகப் பிரிந்துகொண்டு போகும்.

## 12. மூன்று அடுக்கு

அடித்துணியும் நடுவே வைக்கும் மெல்லிய பஞ்சு விரிப்பும் மேல்துணியைவிட எல்லாப் பக்கமும் 8 செ.மீ. பெரிதாக இருக்கட்டும். அடித்துணியைத் தரையில் இழுத்து டேப் ஒட்டி, மேலே பஞ்சு விரிப்பு, அதன் மேல் தைத்த துணி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, நான்கு விரல் இடைவெளியில் நீளக் கச்சாத் தையல் போடுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் சேரும்.

மூன்றையும் பிணைக்கும் ஓட்டுத் தையலை ஒவ்வொரு அறுகோணத்துக்குள்ளும், இணைப்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே போடுவது நல்லது. மடிப்புத் துணி பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடுவதால் ஊசி சுலபமாக இறங்கும். சரியாக இணைப்பின் மேலேயே தைக்காதீர்கள். அங்கே துணியைப் பிடித்திருப்பது சுற்றுத் தையலின் மெல்லிய நூல் மட்டும்தான். ஊசி அதைக் குத்தி அறுத்துவிடும்.

## 13. விளிம்பு கட்டுதல்

2½ அங்குலப் பட்டைகளைச் சாய்வாக இணைத்து, நீளவாட்டில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். நேரான ஓரத்துக்கு நேர்வாட்டத்தில் வெட்டிய பட்டை போதும். நீளம்: சுற்றளவோடு 12 அங்குலம். 36க்கு 45 அங்குலத்துக்கு 174 அங்குலம், அதாவது 42 அங்குலப் பட்டைகள் 5.

பட்டையின் பிரிந்த விளிம்புகளைக் குவில்ட்டின் ஓரத்தோடு பொருத்தி, மேல்பக்கத்திலிருந்து ¼ அங்குலத்தில் தையுங்கள். மூலைக்கு ¼ அங்குலம் முன்பே நிறுத்தி, பட்டையை மேல்நோக்கி 45 பாகையில் மடித்து, திரும்பக் கீழே இறக்கி அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். மூலைவரை தைத்துவிட்டால் மடிப்பு உட்காராது. சுற்றி முடித்ததும் பட்டையைப் பின்புறம் திருப்பி, முதல் தையல் மறையும்படி ஹெம்மிங் போடுங்கள்.

முதல் சலவை குளிர்ந்த நீரில், தனியாக. பிழியாமல் ஒரு துவாலையில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, கொடியில் தொங்கவிடாமல் தட்டையாக விரித்து நிழலில் காயவையுங்கள். நனைந்த குவில்ட்டின் கனம் முழுவதும் கொடிக்கு மேலுள்ள ஒரு வரிசைத் தையலில் தொங்கினால் முனைகள் திறந்துகொள்ளும்.